ஊர்ப்பொது மின்சாரம்: சொல் விளக்கம்

'கம்யூனிட்டி எனர்ஜி' என்பதைச் 'சமூக எரிசக்தி' என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. ஓர் ஊர் மக்கள் தாங்களே முதல் போட்டு, தாங்களே முடிவெடுத்து, காற்றிலோ வெயிலிலோ மின்சாரம் எடுத்து, வருமானத்தையும் தாங்களே வைத்துக்கொள்வதுதான் இதன் பொருள். டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000-ஆம் ஆண்டு நிறுவிய 20 காற்றாலைகளில் பாதி, 8,000 பேருக்கு மேல் பங்கு வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்துடையவை. நம் மாநிலத்தில் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக்கிக்கொண்டு, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

பொருள் நல்லது, மொழிபெயர்ப்புதான் உறுத்துகிறது. திருநெல்வேலிச் சீமையில் 'சமூகம்' என்றால் சாதி. கல்யாண மண்டபப் பலகையிலும் சங்கச் சுவரொட்டியிலும் அந்தப் பொருளில்தான் அது நிற்கிறது. வள்ளியூரிலோ பணகுடியிலோ 'சமூகக் காற்றாலை' என்று பலகை வைத்தால், 'எந்தச் சமூகத்துக்கு?' என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் மேல் பிழையில்லை.

'சமூகம்' என்பது திரள் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. 'கம்யூனிட்டி'யின் லத்தீன் வேரான 'கம்யூனிஸ்' என்பதற்கோ 'பொது' என்றே பொருள். பொதுக்கிணறு, பொதுமந்தை என்று நம்மிடம் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. ஆகவே 'ஊர்ப்பொது மின்சாரம்' என்பேன். ('எரிசக்தி'யும் வேண்டாம், காற்றில் எரிவது எதுவுமில்லை.)

'ஊர்' என்ற சொல்லிலும் ஒரு முள் உண்டு. ஊர் வேறு, காலனி வேறு என்று பிரித்துப் பேசும் பழக்கம் இங்கே இன்னும் சாகவில்லை. அதனால் இந்தச் சொல்லுக்கு ஊர்க்கூட்டத்தை அளவாகக் கொள்ளக்கூடாது. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவருக்கும் இடமுள்ள கிராம சபைதான் அளவு.

கயத்தாறு முதல் ராதாபுரம் வரை நிற்கும் காற்றாலைகளை இந்தப் பெயரால் அழைக்க முடியாது. ஆடிக்காற்றில் அவை ஓயாமல் சுழல்கின்றன. ஆடு மேய்ப்பவர் கோபுரத்தின் நிழலில் உட்கார்கிறார். நிழல் நகர நகர அவரும் நகர்கிறார். அவருக்கு அதனால் கிடைப்பது அந்த நிழல் மட்டும். அந்தக் காற்றாலைகளில் பல, வெளியூர் நூற்பாலைகள் தங்கள் உபயோகத்துக்கென நிறுவியவை.

நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறும் பேச்சில், ஊர்ப்பொது மின்சாரத்தோடு சேர்ந்தே வரும் தொடர் 'ஜஸ்ட் டிரான்சிஷன்'. சூழலைக் காக்க ஓர் ஆலையை மூடும்போது அதன் சுமை தொழிலாளி தலையில் மட்டும் விழக்கூடாது என்று அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மசாக்கி போன்றோர் வாதாடியதிலிருந்து, 1990-களில் இது உருவானது. 2015-இல் பருவநிலை மாற்றம் பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலும் இடம்பிடித்தது.

இதற்கு 'நியாயமான நிலைமாற்றம்' பொருந்தும். 'நீதி' நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது. கூலிபாக்கிக்காக வாசலில் நிற்பவரோ 'நியாயம் கேட்க வந்தேன்' என்கிறார். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. அங்கே தலா 210 மெகாவாட்டில் 5 அலகுகள். கப்பலில் வரும் நிலக்கரி என்றாவது நின்று நிலையத்தை மூடினால் நிரந்தரப் பணியாளருக்கு வேறு நிலையத்தில் மாற்றல் கிடைக்கலாம். கரி வரும் பெல்ட்டின் அடியில் சிந்தியதை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், சாம்பல் லாரி ஓட்டுநருக்கும், வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் மாற்றல் உத்தரவு வராது. அவர்களுக்கு மறுவேலையும், அது கிடைக்கும்வரை வருமானமும், முடிவெடுக்கும் மேசையில் இடமும் தருவது வரை எல்லாம் 'நியாயமான' என்ற சொல்லுக்குள் அடக்கம்.