லோ-கோடு: குறைநிரலா, சில்நிரலா?

பாபநாசம் பக்கத்தில் என் சித்தப்பா மகள் அறுவடை வண்டி வாடகைக் கணக்கைப் பார்க்கிறாள். பி.காம். படித்தவள், கணினிக்குக் கட்டளை சொல்லும் நிரல் (கோடு) ஒரு வரிகூட எழுதியதில்லை. மழையில் நனைந்து கிழியும் நோட்டுக்குப் பதிலாகப் போன குறுவைக்குச் செல்போனில் ஒரு செயலியே செய்துவிட்டாள். விவசாயி பெயர், ஊர், பெல்ட் வண்டியா டயர் வண்டியா, ஓடிய நேரம், பாக்கி என்று கட்டங்களை இழுத்துப் போட்டாள், வாடகைக்கு ஒரு பெருக்கல் கொடுத்தாள், முடிந்தது. இந்த முறைக்குத்தான் லோ-கோடு என்று பெயர். நிரலைத் தொடவே வேண்டாம் என்பது நோ-கோடு. வேண்டிய இடத்தில் நாலு வரி எழுத வழி விடுவது லோ-கோடு.

ஃபாரஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2014இல் இந்தப் பெயரை வைத்தது. சரக்கு அதற்கு மூத்தது. நம் சோகோ நிறுவனத்தின் லோ-கோடு தளமான சோகோ கிரியேட்டர் 2006லேயே வந்துவிட்டது. 'கோடு' லத்தீன் 'கோடெக்ஸ்' வழி வந்த சொல்: முதலில் மரக்கட்டை, பிறகு எழுதும் பலகைகளைக் கட்டிய ஏடு, பிறகு சட்டத்தொகுப்பு. பழந்தமிழில் கோடு என்றால் மரக்கிளை. அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல்தான்.

சரி, லோ-கோடைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கோடு'க்கு நிரல் இருக்கிறது. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று 45ஆம் குறளில் வரிசை மாறாமல் பொருந்துகிறதே, அந்த நிரல்நிறையில் உள்ள அதே நிரல். கணினிக்கு அருமையான சொல். சிக்கல் 'லோ'வில்தான். 'குறைநிரல்' என்றால் குறைப்பிரசவம், குறைகுடம் நினைவுக்கு வருகிறது. 'தாழ்நிரல்' அதைவிட மோசம். என் ஓட்டு 'சில்நிரலு'க்கு. சூத்திரத்துக்கு இலக்கணம் சொல்லும் நன்னூல் 'சில்வகை எழுத்தில் பல்வகைப் பொருளை' என்கிறது. லோ-கோடு செய்வதும் அதைத்தான். புணர்ச்சி விதிப்படி 'சின்னிரல்' ஆகும், சின்னாள் போல. படிப்பவர் திணறுவார், பிரித்தே எழுதலாம்.

சில் என்றால் கொஞ்சம். சுத்தமாக இல்லை என்று பொருளல்ல. முதல் வாரமே டிரைவர் ஒருவர் ஒன்றே முக்கால் மணி நேரத்தை 1.45 என்று போட்டார். மணிக்கு 2,500 ரூபாய். 4,375 வர வேண்டிய இடத்தில் 3,625 வந்தது. செயலி சொன்னபடிதான் பெருக்கியது. பிறகு மணிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் எனப் பிரித்து, நிமிடத்தை 60ஆல் வகுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். வாடகையைத் திருத்தும் உரிமை மட்டும் இன்னும் எல்லா டிரைவர் போனிலும் திறந்தே கிடக்கிறது.