வீடு நிறைய ஆள், ஆனாலும் ஒத்தையில்: பிள்ளை பெற்றவளின் தனிமை எப்படி வேலை செய்கிறது?

நெல்லைப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் மாமியார் வீட்டில் கொண்டுவிடுவார்கள். கொண்டுவிட வந்தவர்கள் சாயங்காலம் பஸ் ஏறிப் போன பிறகு, அவளுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். சொன்னால், "வீடு நெறைய ஆளு இருக்கு, ஒத்தையில இருக்காப்ல இருக்குன்னா என்னளா அர்த்தம்?" என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தனிமை உணர்வு ஆள் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் அதை இரண்டாகப் பிரித்தார். பழகிய கூட்டம் இல்லாமல் போவது ஒன்று. மனசு விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது இன்னொன்று. ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்காது. புருஷன் பிரியமாக இருந்தாலும் தோழிகள் இல்லாத குறை அப்படியே நிற்கும். தெருவே வந்து பிள்ளையைக் கொஞ்சினாலும் புருஷனிடம் பேச முடியாத குறை தீராது. கல்யாணமும் பிள்ளைப்பேறும் பல பெண்களுக்கு இரண்டு குறையையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிடுகின்றன.

முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். நாலைந்து பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கை ஓட ஓட வாயும் ஓடும். பிள்ளை பிறந்ததும் சுளகு இருந்த மடியில் பிள்ளை. புகையிலைத் தூள் பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்பதால் திண்ணையும் போய்விடுகிறது. வருமானம் போனதைக் கணக்குப் பார்ப்பவர்கள் பேச்சுத்துணை போனதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஏக்கத்தைப் பசி என்று சொல்வது வெறும் உவமை அல்ல. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேரை ஒருநாள் 10 மணி நேரம் மனித முகமே காணாமலும், இன்னொரு நாள் 10 மணி நேரம் சாப்பிடாமலும் இருக்க வைத்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, பட்டினி கிடந்த நாளில் சாப்பாட்டுப் படத்துக்குத் துடித்த நடுமூளைப் பகுதி, தனித்திருந்த நாளில் மனிதர்கள் கூடியிருக்கும் படத்துக்கும் அதேபோலத் துடித்தது. ஆனால் பசிக்கு இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. தனிமை நீடித்தால் மூளை எங்கே ஆபத்து என்று தேட ஆரம்பிக்கிறது. "பால் பத்தலையோ?" என்று அத்தை சாதாரணமாகக் கேட்டது குற்றச்சாட்டாகக் காதில் விழும். அவள் முகம் திருப்புவாள், அத்தையும் பேச்சைக் குறைப்பாள்.

இதில் உடம்பின் பங்கு பெரிது. நச்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் சில நாட்களுக்குள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. 3 முதல் 5-ஆம் நாள் வரை காரணமில்லாமல் அழுகை வருவது இதனால்தான். இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அந்தச் சமயத்துக்கு நம் முறை பலமானது: பச்சை உடம்புக்காரி என்று வேலை வாங்க மாட்டார்கள், காயமருந்து, உளுந்தங்களி, பக்கத்திலேயே அம்மா, ஆச்சி. ஓட்டை எங்கே என்றால், இந்தக் கவனிப்பு புண் ஆறுவதையும் உதிரப்போக்கு நிற்பதையும் வைத்து 40 நாள் என்று கணக்கிட்டது. பிள்ளையின் ராத்திரி விழிப்போ மாதக்கணக்கில் போகும். துணை விலகும் நாளும் தூக்கக்கடன் ஏறி நிற்கும் நாளும் ஒன்றாக வந்து மோதுகின்றன.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் வேண்டும். இரண்டு மணிக்கு எழுந்து, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, துணி மாற்றிப் படுக்கும்போது மூன்று. நாலரைக்கு மறுபடி சிணுங்கல். தூக்கம் கெட்ட ஆள் மற்றவர்களிடமிருந்து கூடுதலாக விலகி நிற்கிறார் என்று 2018-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அப்படிப்பட்டவரைப் பார்ப்பவர்களுக்கும் அவரோடு பழகும் விருப்பம் குறைகிறது. தனிமையால் தூக்கம் கெடும் என்பது தெரிந்ததுதான். தூக்கம் கெட்டே தனிமை வரும் என்பதைத்தான் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

அதனால் முதல் வேலை ஆறுதல் சொல்வதல்ல, 4 முதல் 5 மணி நேரம் முறியாத தூக்கம். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். இடையில் வரும் ஒரு வேளையை, முன்பே எடுத்துவைத்த தாய்ப்பாலைக் கொண்டு அத்தையோ கணவனோ பாலாடையில் புகட்டலாம். எடுத்த பால் 25 டிகிரி வரையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது, உடனே ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். அங்கே 4 நாள் வரை இருக்கலாம். கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடேற்றவேண்டும், அடுப்பில் வைக்கக்கூடாது. இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்: பிள்ளையை வாங்கிக்கொண்டார்களே என்று அவள் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள், வீட்டாரும் தடுப்பதில்லை.

கணவன் வெளிநாட்டில் என்றால் அடுத்த சிக்கல் போன். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அவர் வேலை முடிந்து ஒன்பதுக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரை, அவள் கண் சொக்கும் நேரம். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் கால் விநாடிக்குள் தொடங்கிவிடுகிறார். சிக்னல் இழுத்து அந்த இடைவெளி நீண்டால், எதிராளிக்குத்தான் கவனம் இல்லை என்று மூளை பழியை ஆள் மேல் போடுகிறது. 2014-இல் வந்த ஆய்வு ஒன்று இதை அளந்தே காட்டியது. "சாப்ட்டியா, பிள்ள தூங்குதா" என்று வீடியோவில் முக்கால் மணி நேரம் இழுப்பதைவிட, அவள் நேரத்துக்குப் பத்து நிமிடம் சாதாரண அழைப்பு மேல். பிள்ளையைக் காட்டச் சொல்லும் முன் அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். "உம்" என்பதோடு விடாமல், அவள் சொன்னதையே பிடித்து அடுத்ததைக் கேட்கவேண்டும். நெருக்கம் அப்படித்தான் உண்டாகிறது.

இவ்வளவு செய்தும் சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில் சுமார் 11 சதவீதத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் அது புதிதாக வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆள் இல்லாதது ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. கண்டறிய எடின்பரோ வினாத்தாள் தமிழிலும் இருக்கிறது: கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே டாக்டரைப் பார்க்கலாம். பத்தாவது கேள்வி தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்தக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே போகவேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

பிரசவமான சில நாட்களில் தூக்கமே இல்லாமல், யாரோ பேசுவதாகச் சொல்லி, பிள்ளையையே சந்தேகமாகப் பார்த்தால் அது வேறு நோய். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், ஆனால் அவசரம். இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொள்வதானால் நேர்ந்துகொள்ளுங்கள், வண்டியை மட்டும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது. மற்றபடி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண்; காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மாத்திரை எழுதித் தந்தால், பாலில் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாக நிறுத்தவேண்டாம். பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுப்பதை முதலிலேயே சொன்னால் டாக்டர் அதற்குத் தகுந்ததை எழுதுவார்.