பட்டு என்று சொல்லித்தான் விற்றார்கள்

இந்த வைகாசியில் இது மூன்றாவது. மூவரும் பெண்கள். மூவரும் தங்கள் சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்திலிருந்து நேராக எங்கள் தீக்காயப் பிரிவுக்கு வந்தவர்கள். மூன்றாமவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றிக் குங்குமம் கலையவில்லை, மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றின் ஈரம் காயவில்லை. இடது தொடையிலிருந்து கணுக்கால் வரை கிளிப்பச்சையில் ஒரு படலம் இறுகிக் கிடந்தது. யாரோ கைமருந்து பூசி அனுப்பியிருக்கிறார்கள் என்று எங்கள் பயிற்சி மருத்துவர் நினைத்துவிட்டார். அது மருந்தல்ல, அவர் கட்டியிருந்த புடவை.

"பட்டுதானே கட்டியிருந்தேன் டாக்டரம்மா, பட்டு எப்படி உருகும்?" என்று அவர் கேட்டார். கணவர் பர்ஸிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார். ‘செமி சில்க்’ என்று அச்சிட்டிருந்தது.

பட்டு உருகாது. உருகியது பாலியெஸ்டர்.

இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன் என்று எனக்கே நினைவில்லை, இன்னொரு முறையும் சொல்கிறேன். மினுமினுப்பதெல்லாம் பட்டு அல்ல. கரை அகலமாக இருப்பதாலோ, பெட்டியில் மடித்துக் கொடுப்பதாலோ, கடைப்பையன் "பட்டுதான்க்கா" என்பதாலோ ஒரு புடவை பட்டாகிவிடாது. ‘ஆர்ட் சில்க்’ என்பதில் உள்ள ‘ஆர்ட்’ கலை வேலைப்பாட்டைக் குறிப்பதாக நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள் உட்பட. ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்ற சொல்லின் வாலை வெட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். செயற்கை இழை. ‘செமி சில்க்’ என்றால் பாதி பட்டு என்று நம்புகிறார்கள். பாதி இருந்தால் அதிர்ஷ்டம், பலவற்றில் ஓர் இழைகூட இருப்பதில்லை. சிறுமுகையில் நெய்யும் அசல் மென்பட்டு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் எந்தத் துணி மீதும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அசல் பட்டும் தீக்குத் தப்பியதல்ல. ஆனால் அது புரதம், நம் தலைமுடியைப் போல. தயங்கித் தயங்கித்தான் எரியும். தீயிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் கரியை விட்டுப்போகும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 250, 260 டிகிரி செல்சியஸில் உருகிக் குழம்பாகி, தோலைப் பற்றிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். தீ அணைந்த பிறகும் புண் ஆழமாகிறது. அதனால்தான் தானாக ஆறியிருக்க வேண்டிய காயத்துக்கு வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாகிறது.

"பருத்தி கட்டினால் கவலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உருகி ஒட்டாது, அது உண்மை. ஆனால் மெல்லிய பருத்திப் புடவை சட்டென்று பற்றி மளமளவென்று மேலேறும். சற்றுக் கனமான, நெருக்கமாக நெய்த கைத்தறிப் பருத்தி பரவாயில்லை. ஹோமத்தில் உட்காருபவருக்கு என் முதல் தேர்வு கனமான அசல் பட்டு. வாங்க வசதியில்லையா, கெட்டியான பருத்தி. பாலியெஸ்டரை மாலை விருந்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். யார் தடுத்தது?

கடையில் கண்டுபிடிப்பது எப்படி? மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவோடு 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் புடவையென்றால், பிளவுஸ் துணி வெட்டிய ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவில் இரண்டு இழை, குறுக்கே ஓடும் ஊடையில் இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் நாற்றமும் நொறுங்கும் கரியும் வந்தால் பட்டு. உருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டரோ நைலானோ. பாவையும் ஊடையையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வது வீண் வேலை இல்லை. ஒன்று பட்டாகவும் மற்றது பாலியெஸ்டராகவும் நெய்தவை ஏராளம்.

இனி, யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று. முதலாமவர் கட்டியிருந்தது அசல் காஞ்சிபுரம், அவருடைய மாமியாரின் கல்யாணப் புடவை. புடவை கருகியதோடு நின்றுவிட்டது. உருகியது உள்ளே அணிந்திருந்த சாட்டின் உள்பாவாடை. கொசுவம் படிந்து நிற்க வேண்டும் என்று இப்போது இறுக்கமான, இழுபடும் துணியில் விற்கிறார்களே, மீன்வால் போன்ற உள்பாவாடை, அது இன்னும் மோசம். நைலான் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும், அவசரத்தில் கழற்றவும் வராது. இருபதாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுப்பவர்கள் நூற்றைம்பது ரூபாய்ப் பருத்திப் பாவாடையை மறக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி மட்டும் மூன்று மாதம் பேசுகிறார்கள். கறுப்பு கூடாது, வேட்டிக்கரையும் புடவைக்கரையும் பொருந்த வேண்டும், படத்தில் சுவரின் நிறத்தோடு இடிக்கக் கூடாது. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் பத்து நிமிடத்தை, தீக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்காரப்போகிறோம் என்பதற்கு ஒதுக்குங்கள்.

ஹோமம் செய்துவைக்கும் வாத்தியாரைக் கவனித்திருக்கிறீர்களா? வருடம் முழுக்க நெருப்போடு புழங்குபவர். பஞ்சகச்சத்தில் தொங்கும் நுனி எதுவும் இருக்காது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றி இறுக்கியிருப்பார். மடிசாரும் அப்படித்தான். ஒன்பது கஜமும் காலை ஒட்டி, முந்தானை இடுப்பைச் சுற்றிச் செருகப்பட்டு நிற்கும். உங்கள் வழக்கத்தில் இல்லாததைக் கட்டச் சொல்லவில்லை. அந்தச் சூட்சுமத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையின் மேல் வழியவிடும் ஒற்றை முந்தானைதான் எங்களிடம் அதிகம் வருகிறது. ‘இன்னும் கொஞ்சம் முன்னால் குனியுங்கள்’ என்று புகைப்படக்காரர் சொல்கிறார், குனிகிறார்கள், முந்தானை குண்டத்துக்கோ குத்துவிளக்குக்கோ முத்தம் கொடுக்கிறது. பூர்ணாகுதியில் நெய் வழிய வழிய விடும்போது சுவாலை எவ்வளவு உயரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாமவருக்கு அந்த நேரத்தில்தான் நடந்தது. புகை கண்ணைக் கரிக்கிறது என்று யாரோ ஒரு பையன் புது மின்விசிறியைப் போட்டுவிட்டிருக்கிறான்.

ஊக்குகள் விஷயத்தில் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. புடவையைப் போல் நொடியில் உருவி எறியக்கூடிய உடை வேறில்லை. அதில் பதினான்கு ஊக்குகளைக் குத்தி அந்த ஒரே நன்மையையும் கெடுத்துவிடுகிறோம். பதினான்கு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. இரண்டாமவரின் உடையிலிருந்து எங்கள் செவிலியர் எடுத்து எண்ணியது. தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று போதும். முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகுங்கள். முதுகில் ஜிப் வைத்துத் தைத்த தயார்நிலைப் புடவையை ஹோமத்துக்குத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். கட்டியிருப்பது வேட்டி என்பதாலேயே அது பருத்தி ஆகிவிடாது, பாலியெஸ்டர் கலந்த வேட்டி கடை கடையாக இருக்கிறது. மேல்துண்டைத் தோளில் மிதக்கவிடாதீர்கள்.

குழந்தைகளுக்கு வலை வலையாக உள்ளடுக்கு வைத்த பாவாடை வேண்டவே வேண்டாம். அந்த வலை பெரும்பாலும் நைலான், அடுக்குகளுக்கிடையே காற்று வேறு. தரையில் நிற்கும் விளக்கின் சுடர் பெரியவர்களுக்கு முழங்கால் உயரம், நான்கு வயதுக் குழந்தைக்கு இடுப்பு உயரம். சாதாரணப் பருத்திச் சட்டை போட்ட குழந்தையைச் சாமி கோபித்துக்கொள்ளாது.

தீ பிடித்தே விட்டால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருளுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ ஜமுக்காளமோ போட்டு அமுக்கட்டும். அணைந்ததும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம், ஓடும் தண்ணீர். பனிக்கட்டி அல்ல. புது வீட்டில் மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், ஹோமத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாளி நிரப்பி வையுங்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றியிருப்பதை வெட்டி எடுங்கள். வளையல், மோதிரம், மெட்டியை உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் நாங்கள் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மஞ்சள், நெய், பற்பசை, காபித்தூள், பேனா மை எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், சுரண்டி எடுப்பது நாங்கள், அலறுவது நீங்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு கால் முழுவதும் உடற்பரப்பில் 18 சதவீதம் என்பது எங்கள் கணக்கு. மூன்றாமவருக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வியாழக்கிழமை தோல் ஒட்டு வைத்தோம், நன்றாகப் பிடித்திருக்கிறது.

அவர் கணவர் நேற்று தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். உறவினர்களுக்கு வைத்துக்கொடுக்க அதே கடையில், அதே ரகத்தில், வேறு வேறு நிறங்களில் பதினோரு புடவைகள் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லச் சொன்னேன். ஏழு பேருக்குச் சொல்லியாயிற்றாம். நாத்தனார் வீட்டில் ஆவணியில் கிரகப்பிரவேசம், அவருக்குத்தான் முதல் போன் போயிருக்கிறது.