குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழப் பாதை

குளியலறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் குழாய்க்குக் கடைப் பெயர் பிப் காக். 'அரை இஞ்ச்' என்று கேட்டு வாங்கிவந்து அதன் மரையை அளந்து பார்த்தால் 21 மி.மீ. வரும். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ.தானே என்று குழம்ப வேண்டாம். அந்தக் காலத்து இரும்பு பைப்பின் உள்துளையை வைத்து வந்த பெயர் அது. பைப் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் பெயரும் மரையும் அப்படியே நின்றுவிட்டன. இஞ்சுக்கு 14 சுற்று, மரைப் பள்ளத்தின் கோணம் 55 பாகை. 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை வடிவத்தின் வழி வந்தது. எந்தக் கம்பெனிக் குழாயும் அநேகமாக உங்கள் வீட்டுச் சுவரில் ஏறிவிடுவது இதனால்தான்.

குழாய் மாற்றும் வேலை கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த மரையில்தான்.

சுவருக்குள் இருக்கும் எல்போவில், அதாவது பைப்பை வெளியே திருப்பும் வளைவுத் துண்டில், உள்மரை; குழாயின் வாலில் வெளிமரை. இரண்டும் எவ்வளவு இறுகினாலும் முகட்டிலும் பள்ளத்திலும் மெல்லிய இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி, சுருள் படிக்கட்டு மாதிரி உள்ளிருந்து வெளியே வரும் ஒரே பாதை. ஒரு சுற்றின் நீளம் சுமார் 62 மி.மீ.; ஆறு சுற்று ஏறியிருந்தால் 37 செ.மீ. முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் அந்த வழியே சுற்றிச் சுற்றி நடந்து வெளியே வராமல் தடுப்பதுதான் டெஃப்லான் டேப்பின் வேலை. அது எதையும் ஒட்டுவதில்லை. மரைக்குள் நசுங்கி, இடைவெளி எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

குழாயையே மாற்ற வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மூக்கில் சொட்டினால் கோளாறு உள்ளேதான்: பழைய மாடலில் ரப்பர் வாஷர், கால் திருப்பில் திறக்கும் புது மாடலில் கார்ட்ரிட்ஜ் எனும் உள்பாகம். அதை மட்டும் மாற்றினால் போதும். கைப்பிடியடியில் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமோ கிளாண்ட் எனும் அடைப்போ தேய்ந்திருக்கும். சுவரோரம் ஈரம் கசிந்தாலோ, குழாயின் உடம்பிலேயே விரிசல் இருந்தாலோதான் கழற்றும் வேலை.

மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு, வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழைய கேட் வால்வு முழுதாக மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதால், அரை இஞ்ச் டம்மி (மரையுள்ள அடைப்பான்) ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. வேலை பாதியில் நின்றால் எல்போவில் திருகிவிடலாம். பழைய குழாய் இறுகிக் கிடந்தால் நேராக இடப்பக்கம் இழுக்காதீர்கள். முதலில் ஒரு நூலளவு வலப்பக்கம் முறுக்கினால் உப்புப் பிடிப்பு விடும், பிறகு கழற்றலாம். பல வருடம் ஓடிய பித்தளைக் குழாய் இந்த இடத்தில் ஒடிந்து, வால் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்வதுண்டு. ஒடிந்த முகம் மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறத்தில் பொடபொடவென்று இருந்தால், தண்ணீர் பித்தளையிலிருந்த துத்தநாகத்தை அரித்து எடுத்திருக்கிறது என்று அர்த்தம். ஹேக்ஸா பிளேடால் உள்மரை கெடாதபடி இரண்டு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டை உள்பக்கம் மடக்கி எடுக்க வேண்டும்.

எல்போ மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு வால்வை இரண்டு மூன்று நொடி திறந்து மூடுங்கள். உள்ளே கிடக்கும் மணலும் துருவும் வந்துவிடும். இதைத் தவறவிடக் கூடாது. கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு செராமிக் தகடுகள் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நகர்கின்றன. தண்ணீரைத் தடுப்பது அந்த வழவழப்புதான். ஒரு மணல் துகள் நடுவில் மாட்டிக் கீறல் போட்டாலே புதுக் குழாய் சொட்டத் தொடங்கும்.

இனி ஃபிளாஞ்ச் எனும் வட்டத் தட்டைக் குழாயில் மாட்டுங்கள். மறந்தால் சுற்றிய டேப்பெல்லாம் வீண், மறுபடி கழற்றத்தான் வேண்டும். டேப் இல்லாமல் ஒருமுறை கையால் திருகி, எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு வெளியே எடுத்து, மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். திசை மாறினால் திருகும்போது டேப் உரிந்து சுருண்டுவிடும். முதல் மரையை வெறுமனே விட்டுவிட்டால் டேப்பின் பிசிறு பைப்புக்குள் போகாது. சாதாரண மெல்லிய வெள்ளை டேப்பென்றால் 12 முதல் 15 சுற்று.

மூக்கு தரையைப் பார்க்கும் இடத்தில் குழாய் இறுகி நிற்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு அது உள்ளே போவது 1.8 மி.மீ. மட்டுமே. கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்பினால், நசுங்கிய டேப் விலகிப் பாதை திறந்துகொள்ளும். அப்போது கழற்றி, புது டேப்பை மூன்று நான்கு சுற்று கூட்டிச் சுற்றித் திருகுவதுதான் வழி.

கசியுமோ என்ற பயத்தில் ஸ்பேனரைப் போட்டு முறுக்குகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ. 15 மி.மீ. துளையில் தண்ணீர் குழாயைத் தள்ளும் விசை ஒரு கிலோகூட வராது. ஒரு அடி ஸ்பேனரில் 15 கிலோ விசையோடு இழுக்கும் கையோ, சிபிவிசி எனும் பிளாஸ்டிக் எல்போவுக்குள் பதிந்திருக்கும் பித்தளை வளையத்தையே சுழற்றிவிடும். அது பிளாஸ்டிக்கில் நழுவிவிட்டால் டைல்ஸை உடைத்துத்தான் எல்போவை மாற்ற முடியும். கையால் இறுகும் வரை திருகி, அதற்குமேல் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று போதும். குரோமில் கீறல் விழாமல் துணி சுற்றிப் பிடியுங்கள்.

மூக்கிலுள்ள ஏரேட்டர் வலையைக் கழற்றி, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வை மெதுவாகத் திறந்தால் காற்று படபடவென்று வெளியேறித் தண்ணீர் சீராகும். ஃபிளாஞ்சை உடனே சுவரோடு தள்ளிவிடாதீர்கள். குழாயை மூடி, மரை சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாள் துண்டை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். சிறு ஈரமும் காகிதத்தில் கறுத்துத் தெரியும். இதைப் பார்க்காமல் தட்டை மூடினால், கசிவு உள்ளுக்குள்ளேயே இறங்கி, சில மாதம் கழித்து அடுத்த அறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும்.