உப்புத் தண்ணீர் பட்ட போனை எப்படி மீட்கிறார்கள்?

"ரீபர்பிஷ்டு போன் பாதி விலைக்கு வருகிறதே, நம்பி வாங்கலாமா?" என்று கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ரீபர்பிஷ்டு என்றால், திரும்பி வந்த போனைச் சரிசெய்து மறுபடி விற்பது. அப்படி வரும் போனை முதலில் தரம் பிரிப்பார்கள். தகவலை அழித்து, திரை, பேட்டரி, கேமரா எல்லாம் சோதித்து, பழுதான பாகத்தை மாற்றி, கீறலைப் பார்த்து ஏ, பி, சி என ரகம் போட்டு விலை வைப்பார்கள். இது எல்லா ஊருக்கும் பொது. நம் கரைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: உப்பு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டில் (போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில்) உள்ள தாமிரம் கரைந்து பச்சையாகப் படியும். அரிசிக்குள் புதைத்தால் சரியாகும் என்று இன்னும் நம்புகிறோம். தண்ணீர் காயலாம், உப்பு எங்கே போகும்?

தேய்த்து எடுக்கலாம் என்றால், சிப்புக்கு அடியில் பிரஷ் நுழையாது. அங்கேதான் அல்ட்ராசோனிக் தொட்டி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டி, வருகிறது. பேட்டரி, திரை, கேமராவைக் கழற்றிவிட்டு, போர்டை மட்டும் சுத்திகரிப்புத் திரவத்தில் இறக்குவார்கள். தொட்டியின் அடியில் உள்ள படிகம் நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். அழுத்தம் குறையும் கணத்தில் திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் பிறக்கும். அழுத்தம் ஏறியதும் நொறுங்கும். பரப்புக்குப் பக்கத்தில் நொறுங்கும் குமிழ் ஒரு பக்கமாகக் குழிந்து, ஊசி மாதிரி ஒரு நீர்த்தாரையைப் பரப்பை நோக்கிப் பாய்ச்சும். கோடிக்கணக்கான ஊசிகள், சந்துபொந்தெல்லாம்! விசைப்படகு புரொப்பெல்லரில் குழி விழுவதும் இதே குமிழ்களால்தான். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே 1917-இல் இந்த நொறுங்கலுக்குக் கணக்குப் போட்டபோது, கப்பல் புரொப்பெல்லர்தான் கேள்வியாக இருந்தது. இரும்பையே அரிக்கும் விசையை அளவோடு விட்டால் அழுக்கு மட்டும் போகும். எனக்கு இதில் அலுக்காத வியப்பு.

அப்புறம் சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசிக் காயவைப்பார்கள். உப்பை மட்டும் அது சரியாகக் கரைக்காது. அதனால்தான் முதல் குளியல் நீர் கலந்த திரவத்தில்.

மண்டபத்தில் கடலோர அரிப்பை ஆராயக் காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு) ஒரு நிலையமே இருக்கிறது. பாலத்து இரும்புக்குச் செய்யும் ஆய்வைக் கைபேசிப் போர்டுக்கும் விரிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். இங்கே மீனவர் பலர் போனோடுதான் கடலுக்குப் போகிறார்கள்.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடியுங்கள். பல மாடல்களில் வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். சிவந்திருந்தால் தண்ணீர் பட்டது. திறந்த போனுக்குப் புது ஒட்டுப்பசை போட்டார்களா என்றும் கேளுங்கள். பழைய பசையோடு மூடினால் முன்பிருந்த நீர்க்காப்பு இருக்காது.