கேரட்டின் இனிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

கார்ப், அதாவது கார்போஹைட்ரேட்டைக் குறைத்துச் சாப்பிடும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்த இரண்டாவது வாரம் சித்தப்பா ஒரு நோட்டோடு வந்தார். "கேரட் 100 கிராம்: கார்ப் 9.6, சர்க்கரை 4.7. ஆக 14.3." அதற்குக் கீழே உருளைக்கிழங்கு: "சர்க்கரை 0.8தான், பரவாயில்லை." இரண்டுமே தப்பு. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அந்த அட்டவணையைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவர் பார்த்தது அமெரிக்க வேளாண் துறையின் எண்கள். அதில் கார்ப் என்பது நேரடியாக அளந்தது அல்ல, கழித்துப் பார்த்து மிஞ்சியது. 100 கிராம் பச்சைக் கேரட்டில் நீர் 88.3 கிராம், புரதம் 0.9, கொழுப்பு 0.2, எரித்தால் மிஞ்சும் சாம்பல் 1. இவ்வளவும் போக மிச்சம் 9.6. சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து, கொஞ்சம் கரிம அமிலங்கள் என எல்லாம் இந்த மிச்சத்துக்குள் அடக்கம். அதாவது 4.7 கிராம் சர்க்கரை ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. அதை மறுபடி கூட்டுவது ஒரே பால் பாக்கெட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது மாதிரி. நார்ச்சத்து 2.8 கிராமை நம் நொதிகளால் உடைக்க முடியாது. அதைக் கழித்தால் 6.8. 'நெட் கார்ப்' என்று பேலியோக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஜீரணமாகும் கார்ப், ஆகாத கார்ப் என்று பிரித்துக் கணக்கிடும் இந்த முறையை 1929-இல் லண்டனில் மெக்கான்ஸ், லாரன்ஸ் என்ற இருவர் நீரிழிவு நோயாளிகளின் சாப்பாட்டுக்காக எழுதிவைத்தார்கள். லாரன்ஸே நீரிழிவு நோயாளிதான். அந்த வழியில் வந்த ஐரோப்பிய லேபிள்களில் கார்ப் என்றாலே நார் கழித்த எண். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையும் அப்படித்தான். அங்கே போய் இன்னொரு முறை நாரைக் கழித்தால் கணக்கு பொய்யாகக் குறையும். எந்த அட்டவணை என்று பார்க்காமல் பென்சிலை எடுக்கக் கூடாது.

உருளைக்கிழங்கு வேறு கதை. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான மாலை. மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிக்காது. எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி வெட்டத் தொடங்கியதும் சின்னச் சர்க்கரைகளாகி, கடைசியில் குடலில் குளுக்கோஸ்தான். வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாகத் தித்திக்கும், பார்த்திருப்பீர்கள். 100 கிராம் உருளையில் மொத்த கார்ப் 17.5, நார் 2.1. மிச்சம் 15.4. கேரட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும். மொத்தக் கணக்கில் அதனால் பெரிய மாற்றமில்லை. ஆகவே சர்க்கரை வரிசையை மட்டும் பார்த்து ஒரு காய்க்கு நல்ல பெயர் கொடுக்க முடியாது.

கீரைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பாலக்கில் நார் போக 1.4 கிராம்தான்.

மாட்டிக்கொள்ளும் இடம் வெங்காயம். 100 கிராமுக்கு நார் போக 7.6. யாரும் அதைக் காய்கறியாகவே எண்ணுவதில்லை, தாளிப்போடு போய்விடும். சித்தி தொக்குக்கு 300 கிராம் நறுக்குவார். வதங்க வதங்க நீர் ஆவியாகிக் கரண்டியளவு ஆகும், கார்ப் மட்டும் அப்படியே நிற்கும்: 22.8 கிராம். ஒரு நாளைக்கு 20 கிராம் என்று கட்டுப்பாடு வைத்திருப்பவர் அந்தத் தொக்கை முழுதும் முடித்தால், அன்றைய கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. இப்போது சித்தப்பா வெங்காயத்தை வாணலியில் போடும் முன்னாலேயே தராசில் வைக்கிறார். சித்திக்குத்தான் கடுப்பு.