சூடாகும் மடிக்கணினி: ஃபார்மட் செய்வதற்கு முன் பாருங்கள்

விசிறி ஓயாமல் இரைகிறது, அடிப்பாகத்தில் கை வைக்க முடியவில்லை, ஒரு கோப்பைத் திறக்கவே நெடுநேரம் ஆகிறது. இப்படிச் சொல்லி ராமநாதபுரத்தில் எங்கள் கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பல, ஏற்கெனவே ஓரிடத்தில் ஃபார்மட் செய்யப்பட்டவை. பிள்ளைகளின் படங்களும் கல்லூரிப் பாடங்களும் அழிந்துபோயிருக்கும். சூடு மட்டும் குறைந்திருக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. ஏனென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: வேலை கூடியதால் கருவி சூடாகிறதா, சூடானதால் வேலை தேங்குகிறதா?

இதை அறிய கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். எல்லோரும் அங்கே, கணினியின் மூளையான பிராசஸரின் வேலைச்சுமையைக் காட்டும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதன் கீழே கிகாஹெர்ட்ஸில் இருக்கும் வேகத்தை. பிராசஸர் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டினால், எரிந்துவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தபின் சிறிய வேலையும் அதற்குப் பெரிய சுமைதான். அப்போது சதவீதம் சில கணினிகளில் 100-ஐத் தொடும். வேறு சிலவற்றில் விண்டோஸ் கணக்கிடும் முறையால் குறைவாகவே தெரியும். எண் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், வேலை நடக்கும்போதும் 0.8-ஐத் தாண்டவில்லை என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே வேகம் ஏறினால் சார்ஜர்மேல் சந்தேகம் கொள்ளலாம். சில தயாரிப்புகள் தமக்கு உரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாற்று சார்ஜர் வாங்கியவர்கள் இதைப் பலமுறை வைரஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சார்ஜரில் குறையில்லை, கருவி மட்டும் கொதிக்கிறது என்றால், நம் கடற்கரையில் நான் முதலில் சந்தேகிப்பது உப்பைத்தான். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் பின்மூடியைத் திறந்தால் ஒரே காட்சி. பாக் நீரிணைப் பக்கமாக இருந்தாலும் மன்னார் வளைகுடாப் பக்கமாக இருந்தாலும் காற்றில் நுண்ணிய உப்புத்துகள் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். இரவிலும் விடியலிலும் இங்கே அந்த அளவு ஈரம் அரிதன்று. விசிறிக்கு வெளியே உள்ள மெல்லிய உலோகத் தகடுகளில் படிந்த தூசு அந்த ஈரத்தில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து பழைய தலையணைப் பஞ்சு போல இறுகிவிடுகிறது. அதன் வழியே காற்று போகாது. ஆடிக்காற்று மணலையும் கொண்டுவந்து சேர்க்கும். செம்பில் பச்சைக் களிம்பும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உட்பகுதியைச் சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக்கொள்வது நல்லது. வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தூசு போகக் காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டற்றுச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தண்ணீரால் துடைக்காதீர்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான் சரி. சன்னலைத் திறந்து வைத்துக் கடற்காற்றில் வேலை செய்வது இதமாக இருக்கும். ஆனால் வேலை முடிந்ததும் கருவியை உறைக்குள் வைத்துவிடுங்கள்.

வேகமும் முழுதாக இருக்கிறது, சதவீதமும் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதையும் திறக்கவில்லை என்றால் கதை வேறு. விண்டோஸ் புதுப்பிப்பு இறங்கிய நாளில் சில மணி நேரம் இப்படி இருப்பது இயல்பு. அதை இடையில் நிறுத்தாதீர்கள். நாட்கணக்கில் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும். கணக்கு மென்பொருளையோ படத்தொகுப்பு மென்பொருளையோ பணம் கட்டாமல் திறக்க, யாரோ பென் டிரைவில் கொடுத்த கிராக் கோப்பை ஓட்டியிருப்பார்கள். அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த நிரல், உங்கள் மின்சாரத்தில் வேறொருவருக்கு மொனேரோ போன்ற மறைநாணயத்தை (கிரிப்டோகரன்சி)ச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். இவற்றில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்தவுடன் வேலையை நிறுத்திவிடும். அதனால் கண்ணோடு காதையும் பயன்படுத்துங்கள்: டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில நொடிகளில் விசிறியின் இரைச்சல் அடங்கி, மூடியதும் மீண்டும் எழும்பினால் சந்தேகம் வலுக்கிறது.

அப்போது விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத கோப்புறை அங்கே இருந்தால், அந்த நிரல் தன்னைச் சோதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது. பட்டியலிலிருந்து அந்தப் பதிவை நீக்கிவிட்டு, டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள்; விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது தேடும் என்பதால் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. அதற்கும் அடங்காவிட்டால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட்டுக்கு உரிய இடம் இதுதான். பழைய கிராக் கோப்பை மறுபடி ஏற்றாதீர்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இத்தகைய நிரல்களோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் சேர்ந்து வருவது உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பப்படும் பணம் வந்து சேரும் கணக்கை அதே கணினியில் திறக்கும் குடும்பங்கள் இதை அன்றைக்கே செய்ய வேண்டும்.

டச்பேட் மேலெழுந்து நின்றாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காதீர்கள். நாட்பட்ட சூட்டினாலும் பேட்டரி வீங்கும். சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, மெத்தையிலும் துணியிலும் வைக்காமல் தரையில் தனியே வையுங்கள். ஊசியால் குத்துவதோ அழுத்துவதோ வேண்டாம். அதைக் கழற்றத் தெரிந்தவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள்.